மறுபடியுமா?

அன்புள்ள சார்,

எனக்கு வயது 43. இருபது வருடமாக சிகரெட் பிடிக்கிறேன். மூன்று முறை விட்டிருக்கிறேன். கடைசித் தடவை ஏழு மாதம் தாக்குப்பிடித்தேன். ஒரு நாள் ஆபீஸில் பெரிய சண்டை. வெளியே வந்து நின்றபோது கூட வேலை செய்பவர் பாக்கெட்டை நீட்டினார். ஒன்றுதானே என்று எடுத்தேன். இரண்டே வாரத்தில் பழையபடி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு.

இப்போது மறுபடியும் விடலாம் என்றிருக்கிறேன். மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தேன். "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதனால் இந்த முறை யாரிடமும் மூச்சுவிடாமல் விட்டுவிடப் போகிறேன். ஜெயித்தால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தோற்றால் யாருக்கும் தெரியாது. நான் நினைப்பது சரிதானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

"தோற்றால் யாருக்கும் தெரியாது" என்ற இடத்தில் கொஞ்சநேரம் நின்றுவிட்டேன். நான் நான்கு முறை விட்டவன். முதல் மூன்று முறையும் இதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ரகசியமாக விடுவதில் ஒரு வசதி உண்டு, ரகசியமாகவே மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆபீஸ் வாசலுக்கே போவோம். பாக்கெட்டை நீட்டினாரே, அவருக்கு நீங்கள் ஏழு மாதமாகப் பிடிக்கவில்லை என்பது தெரியுமா? கடிதத்தைப் பார்த்தால் தெரியாது போலிருக்கிறது. மனசு சரியில்லாதவருக்கு அவர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார், அவ்வளவுதான். தெரிந்திருந்தால் பாக்கெட்டை உள்ளே வைத்துக்கொண்டு பேச்சுக்கொடுத்திருப்பார். இன்னொன்று, அந்த முதல் சிகரெட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இரண்டு வாரம் இருந்திருக்கிறது. அந்தப் பதினாலு நாளில் ஒருவரிடமாவது "ஒன்று பிடித்துவிட்டேன்" என்று சொன்னீர்களா? ஒரு சிகரெட்டோடு நின்றுபோகக்கூடிய சறுக்கல்தான் அது. சொல்ல ஆளில்லாததால் வளர்ந்துவிட்டது.

அடுத்து உங்கள் மனைவி. கடைசி சிகரெட்டை அணைத்த பிறகு இரண்டு மூன்று நாளில் எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் உச்சத்துக்குப் போகும். அநேகமாக மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். இதை நீங்கள் மூன்று முறை அனுபவித்திருக்கிறீர்கள். அவரும் மூன்று முறை அனுபவித்திருக்கிறார், ஒரு சிகரெட்கூடப் பிடிக்காமல்! "மறுபடியுமா?" என்று அவர் கேட்டதில் கேலி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, அலுப்புதான் இருந்திருக்கும். அவரிடம் சபதம் எதுவும் செய்யாதீர்கள், மூன்று சபதங்களை அவர் பார்த்துவிட்டார். "இந்தத் தேதியிலிருந்து ஒரு மாதம் கடுகடுவென்று இருப்பேன். அது உன்மேல் கோபம் இல்லை. ரொம்பப் போனால் சொல்லு, எழுந்து ஒரு நடை போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிப்பாருங்கள். பாராட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

நான்காவது முறை நான் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் வாழ்நாளில் ஒரு தம் அடித்ததில்லை. "நான் போன் பண்ணினால் எடு. புத்தி மட்டும் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு, கையில் லைட்டரை வைத்துத் திருகிக்கொண்டே அழைத்தேன். "இரு, திருப்புளியைக் காணோம்" என்றார். ஆடும் நாற்காலிக் கால் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தாராம். போனைத் தரையில் வைத்துவிட்டு இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரையோ திட்டினார். ஆணிகள் கொட்டின. திருப்புளி கிடைத்து, இரண்டு திருகு திருகிவிட்டு, "ம், சொல்லு" என்றார். சொல்ல ஒன்றுமில்லை. அரிப்பு இறங்கிவிட்டிருந்தது. அது பெரும்பாலும் ஐந்து பத்து நிமிட விஷயம். ஆனால் தனியாக நிற்பவனுக்கு அந்த ஐந்து நிமிடம் விடிய மாட்டேன் என்கிறது.

இது என் ஒருவனின் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரின் இதய ஆய்வில் இருந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை, 1971 முதல் 2003 வரை, கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் என்ற இருவர் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். ஜனங்கள் கும்பல் கும்பலாகத்தான் புகையை விட்டிருக்கிறார்கள். கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் பிடிக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்திருக்கிறது. நண்பர் விட்டால் 36 சதவீதம். அந்தப் பாக்கெட்காரரையே "சேர்ந்து விடுவோமா?" என்று கேட்டால் என்ன? சிரிப்பார். கேட்டுவையுங்கள்.

மருந்து உதவியை வீரத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் அப்படி நினைத்துத்தான் இரண்டு முறை கெட்டேன். டாக்டரைப் பாருங்கள். நிகோடின் சூயிங் கம், தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரை என்று உங்களுக்கு எது பொருந்தும் என்று அவர் சொல்வார். மருந்தும் ஆலோசனையும் சேரும்போது ஒன்றை மட்டும் நம்புவதைவிட நன்றாக வேலை செய்கிறது. கம் கொடுத்தால் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. நாக்கில் சுரீரென்றதும் கன்னத்தோரம் ஒதுக்கிவிட வேண்டும். நான் மிட்டாய்போல மென்று விழுங்கி, விக்கல் எடுத்துத் திண்டாடினேன். அப்புறம், காப்பியைக் குறையுங்கள். புகைபிடிப்பவர் உடம்பு காஃபீனை வேகமாகக் கழித்துவிடும். நிறுத்தியதும் அந்த வேகம் தணிந்து, வழக்கமான அதே இரண்டு கோப்பை படபடப்பைக் கொடுக்கும். அதை சிகரெட் கேட்கிற படபடப்பு என்று எண்ணி ஏமாந்துபோகிறோம்.

ஏழு மாதம் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சண்டை, வெளிவாசல், இன்னொருவர் பாக்கெட், எங்கே வழுக்கும் என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டதே. முதல் தடவை விடுபவருக்கு இது தெரியாது.

தேதியை முடிவுசெய்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். மூன்றாம் நாள் நானே விசாரிக்கிறேன். இடையில் ஒன்று பிடித்துவிட்டால் அன்றைக்கே எழுதுங்கள், பன்னிரண்டாகும்வரை காத்திருக்க வேண்டாம்.