ஸ்குவாஷை நம்பி மனையை விற்கலாமா?

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் ஸ்குவாஷில் தேசிய ஜூனியர் தரவரிசையில் முன்வரிசையில் இருக்கிறாள். பயிற்சி, பயணம், போட்டிகள் என்று ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் செலவாகிறது. விளையாட்டு உதவித்தொகையுடன் ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் (அமெரிக்காவின் எட்டுப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் குழு) பல்கலைக்கழகத்தில் இடம் ஏறக்குறைய உறுதி என்று சொல்லும் ஏஜென்ட் ஒருவர், அதற்கு 12 லட்சம் கேட்கிறார். நானும் கணவரும் சேர்ந்து ஆண்டுக்கு 32 லட்சம் சம்பாதிக்கிறோம். மியூச்சுவல் ஃபண்டில் 38 லட்சம் இருக்கிறது. புறநகரில் உள்ள மனை 65 லட்சம் பெறும். அதை விற்றுவிடலாமா?

பதில்: வேண்டாம். ஏஜென்ட்டுக்கு முன்பணமாகக்கூட எதுவும் கொடுக்காதீர்கள்.

ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. மதிப்பெண்ணுக்காகவும் தருவதில்லை. அவர்கள் தரும் பணம் முழுவதும் குடும்பத்தின் வருமானம், சொத்து ஆகியவற்றைப் பார்த்துத்தான். இந்த அடிப்படையையே மாற்றிச் சொல்பவர் மற்ற விஷயங்களில் எவ்வளவு நம்பகமானவர் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம், விளையாட்டால் இடம் கிடைக்கும் என்பது கட்டுக்கதையும் அல்ல. மாணவர் சேர்க்கை தொடர்பாக ஹார்வர்ட் மீது நடந்த வழக்கின் விசாரணையில், 2018இல், உள்விவரங்கள் வெளியே வந்தன. அவற்றை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்களின் கணக்குப்படி, பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. விளையாட்டு வீரர், முன்னாள் மாணவரின் பிள்ளை, நன்கொடையாளரின் பிள்ளை போன்ற எந்தச் சிறப்புப் பிரிவிலும் வராத மற்றவர்களுக்கு அது சுமார் 6 சதவீதம். ஏஜென்ட்டுகள் விளம்பரப்படுத்துவது இந்த 86ஐத்தான். ஆனால் பயிற்சியாளரின் பட்டியலுக்குள் வந்துவிட்டவர்களை மட்டுமே வைத்துப் போட்ட கணக்கு அது. வடிகட்டல் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அந்த வடிகட்டல் எவ்வளவு கடுமையானது என்று பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி ஸ்குவாஷில் ஒரு மோதலுக்கு ஓர் அணியிலிருந்து 9 பேர் ஆடுவார்கள். அணி நான்கு ஆண்டு மாணவர்களைக் கொண்டது என்பதால், ஒரு பயிற்சியாளர் ஆண்டுக்குச் சில பெண்களைத்தான் புதிதாக எடுக்க முடியும். அந்தச் சில இடங்களுக்கு எகிப்து, மலேசியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் சிறந்த ஜூனியர்களும், அமெரிக்காவின் வசதியான தனியார் பள்ளிப் பிள்ளைகளும் போட்டியிடுகிறார்கள். உங்கள் மகளின் தேசியத் தரவரிசையைவிட, பிரிட்டிஷ் ஜூனியர் ஓபன் போன்ற போட்டியில் அவள் யாரை வென்றாள் என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். மதிப்பெண் குறைந்தால் பயிற்சியாளர் விரும்பினாலும் சேர்க்கை அலுவலகம் தடுத்துவிடும். ஹார்வர்டும் டார்ட்மவுத்தும் எஸ்ஏடி போன்ற பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன.

வழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டு வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர்தான். ஆனால் அவர் இந்தியாவின் முன்னணி வீரர்களில் ஒருவர் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இனி என் துறையான பணக் கணக்குக்கு வருகிறேன். ஹார்வர்டில் ஓராண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 72 லட்சத்தைத் தாண்டுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு மனையும் ஃபண்டும் சேர்ந்தாலும் பாதி தூரம்கூடப் போகாது. ஆகவே மனையை விற்பது உங்கள் பிரச்சினைக்குத் தீர்வே இல்லை.

உங்கள் குடும்ப வருமானம் டாலரில் சுமார் 35,500. 2025இல் ஹார்வர்ட் அறிவித்த திட்டப்படி, ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலருக்குள் உள்ள, பெரிய சொத்து இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் இலவசம். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே உதவித்தொகை முறைதான். மனையையும் ஃபண்டையும் விண்ணப்பத்தில் காட்டத்தான் வேண்டும், அதனால் நீங்கள் ஓரளவு கட்ட நேரிடலாம். ஆனாலும் இடம் கிடைத்துவிட்டால் பணம் பெரிய தடையாக இருக்காது.

எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மவுத், ஆம்ஹர்ஸ்ட், போடன் ஆகியவை வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்கிறாரா என்று பார்க்காமல் தேர்வு செய்து, தேவையான தொகை முழுவதையும் தருபவை (கடைசி இரண்டும் ஐவி லீக்கில் சேராத கல்லூரிகள்). இவை அனைத்திலும் ஸ்குவாஷ் அணி உண்டு. கொலம்பியா, பென்சில்வேனியா, கார்னெல் ஆகியவற்றில் பண உதவி கேட்பதே வெளிநாட்டு மாணவரின் வாய்ப்பைக் குறைக்கலாம். பிரவுன் 2020இல் தன் ஸ்குவாஷ் அணிகளையே கைவிட்டது. ஏஜென்ட்டிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்.

உதவித்தொகை விளையாட்டோடு பிணைக்கப்படாததில் ஒரு நன்மையும் உண்டு. முழங்கால் போனாலும், ஆட்டமே சலித்துப்போனாலும், அவளுடைய உதவித்தொகை நிற்காது.

12 லட்சத்துக்கு ஏஜென்ட் செய்யப்போவது ஆட்டத்தின் வீடியோ தயாரிப்பதும் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதும்தான். அவர்களுடைய முகவரிகள் கல்லூரி இணையதளங்களிலேயே இருக்கின்றன. மகளே எழுதட்டும். அதற்கு மேலும் ஏதோ செய்து தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விளையாடாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டி இடம் வாங்கித் தந்த அமெரிக்க ஏஜென்ட் ரிக் சிங்கர் 2019இல் சிக்கி, பின்னர் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பணம் கொடுத்த பெற்றோர் பலரும் சிறைக்குப் போனார்கள்.

ஆண்டுச் செலவான 9 லட்சம் என்னை உறுத்துகிறது. வருமானத்தில் கால் பங்குக்கு மேல் அது. அதை முதலீடு என்று கருதாதீர்கள். மகள் விரும்பும் ஒன்றுக்கான செலவு, அவ்வளவுதான். ஆண்டுக்கு 6 லட்சம் என்று வரம்பு போடுங்கள். உள்ளூர்ப் போட்டிகளில் சிலவற்றைக் குறைத்தாலும் பயிற்சியாளர்கள் கவனிக்கும் ஓரிரு வெளிநாட்டுப் போட்டிகளை விட்டுவிடாதீர்கள். மிச்சமாகும் 3 லட்சத்தை மாதந்தோறும் பிரித்துப் படிப்புக்கென ஒதுக்குங்கள். ஃபண்டில் படிப்புக்காக வைத்திருக்கும் பகுதியைப் பத்தாம் வகுப்பு முடிந்ததிலிருந்து சிறிது சிறிதாக வைப்பு நிதிக்கு மாற்றுங்கள். பிஎஃப் பணத்தைத் தொடவே வேண்டாம். பற்றாக்குறை வந்தால் கல்விக் கடன் இருக்கிறது. வங்கிக் கல்விக் கடனாக வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு இப்போது டிசிஎஸ் எனும் முன்கூட்டிய வரிப் பிடித்தம் கிடையாது.

உள்நாட்டு வழியையும் திறந்து வையுங்கள். சென்னை ஐஐடி 2024 முதல் விளையாட்டில் சிறந்தவர்களுக்கு ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்கள் ஒதுக்குகிறது, ஒன்று பெண்களுக்கு. ஜேஇஇ அட்வான்ஸ்டில் தகுதி பெற்றாக வேண்டும் என்பதால் கணிதத்தை விட்டுவிடக் கூடாது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு.

பதினோராம் வகுப்பு முடியும் கோடை வரை பொறுத்திருங்கள். அதற்குள் நான் சொன்ன ஆறு கல்லூரிகளில் ஒரு பயிற்சியாளராவது மகளின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு எழுதியிருந்தால், அந்த ஓராண்டுக்குச் செலவு வரம்பைத் தளர்த்தலாம். யாரும் கேட்கவில்லை என்றால் வெளிநாட்டுப் போட்டிகளை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தையும் படிப்புக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.