அச்சில் ஒட்டும் அச்சு முறுக்கு

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு மாமியார் தந்த இரும்பு அச்சில் முறுக்கு சுட்டால் மாவு கழன்று வர மறுக்கிறது. ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வருடம் முழுக்கப் பரணில் கிடந்த அச்சு, வேறென்ன செய்யும்! சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். துடைத்து, முதல் நாள் இரவே தேங்காய் எண்ணெயில் ஊறவிடுங்கள்.

இரண்டு டம்ளர் பச்சரிசி மாவுக்கு அரை டம்ளர் பொடித்த சீனி, ஒரு முட்டை, சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் கறுப்பு எள். கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரையுங்கள். சீனி கூடினால் ஒட்டும், சீக்கிரம் கருகும்.

அச்சு எண்ணெயிலேயே சூடாகட்டும். சூடு போதாவிட்டால் மாவு பிடிக்காமல் வழியும். மிதமிஞ்சினால் அச்சிலேயே வெந்து இறுகும். முக்கால் உயரம் மட்டுமே மாவில் முக்க வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடினால் முறுக்கு கழலாது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். எண்ணெயில் சில விநாடி பிடித்து, ஓரம் இறுகியதும் லேசாக உதறுங்கள். வராவிட்டால் ஈர்க்குச்சியால் தள்ளலாம். எள் மாவின் அடியில் தங்கும், அவ்வப்போது மாவைக் கலக்குங்கள். முதல் இரண்டு மூன்று உடையும், அவை பிள்ளைகளுக்கு.

நன்றாக ஆறிய பிறகே டின்னில் அடுக்குங்கள், இல்லையேல் நமத்துவிடும்.