ஹீற்றருக்கு எண்ணெய் எங்கிருந்து எடுப்பது? கராஜ் கேள்வி பதில்

ஒஸ்லோவில் பதினொரு குளிர்காலம் வாகனம் திருத்தினேன். இப்போது யாழ்ப்பாணம் கோண்டாவிலில் கராஜ். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து டீசலில் எரியும் வாகன ஹீற்றரைப் பற்றி எழுத வருமென்று நினைக்கவே இல்லை. சொந்தக்காரரில் பாதிப்பேர் பனிக்குள் இருந்தால் இப்படித்தான்.

கேள்வி (கனடா): அண்ணை, ஜப்பானிலிருந்து இறக்கிய 1992 டீசல் லான்ட் குரூசர். உள்ளே படுக்கிறதுக்கு 2 கிலோவாற் டீசல் ஹீற்றர் பூட்டுகிறேன். எஞ்சினுக்குப் போகிற லைனில் ரீ பீஸ் (மூன்று வாய் இணைப்பு) போட்டு எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் எடுக்காதீர்கள். டாங்கியிலிருந்து எஞ்சின் டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறது. அந்த ரீயில் ஒரு கிளிப் தளர்ந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். கீழே ஒரு பொட்டு ஈரமும் தெரியாது. விடிய ஸ்டார்ட் எடுக்காது, அவ்வளவுதான்.

உங்கள் ஹீற்றர் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லீற்றர்தான் குடிக்கும். அதற்குத் தனிக் குழாய் ஒன்று போதும். டாங்கியை இறக்கி, மேற்பக்கம் துளைத்து, குழாயை உள்ளே விடுங்கள். அடிமட்டத்துக்கு விடாமல் சில அங்குலம் மேலே நிறுத்துங்கள். அடியில் கிடக்கும் ஊத்தையை இழுக்காது. இரவு முழுக்க ஹீற்றர் ஓடினாலும் வீடு திரும்ப எஞ்சினுக்கு டீசல் மிஞ்சும்.

'டிக் டிக்' என்று அடிக்கிற, ஹீற்றருக்கு டீசல் தள்ளும் அந்தச் சின்ன பம்ப்பை டாங்கிக்குக் கிட்டப் பூட்டுங்கள். அதற்குத் தள்ளத் தெரியும், இழுக்கத்தான் சோம்பல். வெளிவாய் மேலே பார்க்க, குறைந்தது 15 பாகை சரிவு வேண்டும். அப்போதுதான் காற்றுக்குமிழ் உள்ளே தங்காது.

ஒஸ்லோவில் ஒரு லான்ட் ரோவர் டிஃபென்டர் ஜீப் வந்தது. ஹீற்றர் பற்றும், வெள்ளைப் புகை தள்ளும், அணையும். இரண்டு இடத்தில் காட்டி, பம்ப்பும் மாற்றியாயிற்று. நான் டோர்ச் அடித்துக் குழாய் முழுக்கப் பார்த்தேன். ஒரு மூட்டில் றப்பருக்குள் இரண்டு குழாய் முனைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதற்குள் காற்றுக்குமிழ் சேர்ந்து பெரிதாகும், ஒரேயடியாகப் போகும், நெருப்பு அணையும். முனைகள் முட்டும்வரை தள்ளிவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

கேள்வி (சுவிஸ்): எஞ்சினில் மிஞ்சின டீசல் டாங்கிக்குத் திரும்பி வருகிற ரிட்டேர்ன் லைனில் எடுத்தால்?

பதில்: அநேகமான டாங்கிகளில் அது மேலே இருந்து கொட்டுகிற லைன். எஞ்சின் நின்றால் வெறுமையாகிவிடும். எஞ்சின் நிற்கிற நேரத்தில்தானே தம்பி ஹீற்றர் வேண்டும்?

கேள்வி (நுவரெலியா): எங்கள் ஹைலக்ஸுக்கும் ஒன்று பூட்டுவோமா?

பதில்: சுவெற்றர் வாங்குங்கள்.

கேள்வி (ஒஸ்லோ): ரிட்டேர்ன் லைனில் ரீ போடுவது பற்றி…

பதில்: சுவிஸ் தம்பிக்குச் சொன்னதுதான்.

கேள்வி (சாவகச்சேரி): மகன் லண்டனில். ஹீற்றருக்கு மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று கேட்கிறான். யுத்த நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் ஒஸ்டின் கேம்பிரிஜ் கார் அதில்தானே ஓடியது!

பதில்: ஹீற்றருக்கு மண்ணெண்ணெய் நல்லது அண்ணை, கரி குறைவு. ஆனால் வாகன டாங்கிக்குள் வேண்டாம். டீசல் பம்ப்புக்கு எண்ணெய்ப்பசை டீசலிலிருந்துதான் வருகிறது. மண்ணெண்ணெயில் அது போதாது. ஹீற்றருக்கென்று தனி டாங்கி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஒஸ்டின் பெற்றோல் எஞ்சின், காபுரேற்றர். அது வேறு கதை.

(இதோடு விட்டிருக்கலாம். மூன்று பேர் பாய்ந்து வந்துவிட்டார்கள்.)

கேள்வி (மானிப்பாய்): ஒஸ்டினை விட மொறிஸ் மைனர்தான் மண்ணெண்ணெயில் நன்றாக ஓடியது. உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: இரண்டும் புகைத்தது, இரண்டும் மணத்தது. ஸ்டார்ட் பண்ண நாலு துளி பெற்றோல், சூடேறினதும் மண்ணெண்ணெய். அப்பா காபுரேற்றருக்குள் சம்பூப் போத்தலால் பீச்சுவார், நான் சாவியைத் திருப்புவேன். பெற்றோல் பவுணைப் போல. ஒரு துளி நிலத்தில் விழுந்தால் எனக்குத்தான் ஏச்சு. இதில் எந்தக் கார் திறம் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி (மானிப்பாய், மறுபடியும்): சம்பூப் போத்தல் இல்லை, சேலைன் போத்தல்.

பதில்: எங்கள் வீட்டில் சம்பூ.

கேள்வி (கனடா, அதே தம்பி): அப்ப குளிர்கால டீசல்?

பதில்: நல்ல கேள்வி, நன்றி. குளிர்கால டீசல் அடித்த அன்றே ஹீற்றரைக் கால் மணித்தியாலம் ஓட விடுங்கள். இல்லாவிட்டால் அந்த மெல்லிய குழாய்க்குள் கோடை டீசல் கிடந்து மெழுகாகும். அப்புறம், ஓடுகிற ஹீற்றரின் பற்றறி வயரை ஒருநாளும் பிடுங்காதீர்கள். அது தன்பாட்டில் ஆறி நிற்கட்டும். புகைக்குழாய் வாகனத்தின் அடியில் முடியக்கூடாது, வெளியே வர வேண்டும். உள்ளே காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். அந்த வாயுவுக்கு மணமில்லை. மறுபடியும் சொல்கிறேன், அலாரம்.

கேள்வி (ஜேர்மனி): ரிட்டேர்ன் லைனில்…

பதில்: கராஜ் பூட்டியாச்சு.

கேள்வி (மானிப்பாய்): சேலைன் போத்தல்தான்.