பாலத்தடியில் படுப்பவர்களை வேனில் ஏற்றி அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் தெருமுனை மேம்பாலத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இரவில் படுக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மனநலம் சரியில்லை. இதனால் குடியிருப்போர் சங்கம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. தனியார் காப்பகம் ஒன்றுக்கு நன்கொடை கொடுத்தால் வேன் வந்து எல்லோரையும் கூட்டிப்போய்விடும் என்கிறது ஒரு தரப்பு. யாரையும் தொடக்கூடாது, சாப்பாடு போடுவோம் என்கிறது மற்றது. செயலாளரான நான் எந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவது? (சென்னை வாசகர்)

பதில்: வேன் தீர்மானத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நடைபாதையில் படுத்திருக்கிறார் என்பதற்காக ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் அதிகாரம் எந்தக் காப்பகத்துக்கும் கிடையாது. வரமாட்டேன் என்பவரைத் தூக்கிப்போய் அடைத்து வைத்தால், அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 127-ஆம் பிரிவில் வரும் குற்றம். பிரச்சினை என்று வரும்போது நன்கொடை ரசீதில் இருப்பது உங்கள் சங்கத்தின் பெயர்தான்.

வேன்காரர் ஒரு ஃபைல் கொண்டுவருவார். டிரஸ்ட் பத்திரம், 80ஜி சான்றிதழ், பிரமுகர்களோடு எடுத்த படங்கள் எல்லாம் அதில் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட ஆட்களைத் தங்கவைப்பதற்கான உரிமம் அல்ல. 80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் வரிச்சலுகை, அவ்வளவுதான். மனநலம் பாதித்தவரை வைத்துப் பராமரிக்கும் இடம் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள் தங்கும் இல்லங்களுக்குத் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அசல் பதிவுச் சான்றை வாங்கி, அதிலுள்ள முகவரியும் வேன் போகிற இடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். ‘அது எங்கள் கிளை’ என்றால் அந்தக் கிளைக்கான சான்றைக் கேளுங்கள். 2023-இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்த காப்பகத்தின் விவகாரம், அங்கே சேர்க்கப்பட்ட ஒருவர் எங்கே என்று உறவினர் தேடப் போனதிலிருந்துதான் வெளியே வந்தது. பாலத்தடியில் இருப்பவரைத் தேடி வர அப்படி ஓர் உறவினர்கூட இல்லாமல் போகலாம்.

மாநகராட்சியே வீடற்றோர் காப்பகங்களை நடத்துகிறது. நகரத்தில் 1 லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் என்பது உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னது. இன்னும் அதை மனுப்போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது! மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மண்டல அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ‘பாலத்தடியைச் சுத்தம் செய்க’ என்று எழுதினால் குப்பை லாரிதான் வரும். ஆண்கள் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர், குடும்பங்கள் இத்தனை என்று எழுதுங்கள். பல காப்பகங்கள் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. கணவன் மனைவியைப் பிரித்து அனுப்பினால் ஒரே வாரத்தில் இருவரும் பாலத்தடிக்கே திரும்பிவிடுவார்கள்.

இனி, மனநலம் சரியில்லாத அந்த ஒருவர். சம்மதம் இல்லாமல் யாரையும் கொண்டுபோகக்கூடாது என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் விலக்கு இவர்தான். இதையும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு இந்தப் பொறுப்பைக் காவல் நிலையத்திடம் கொடுத்திருக்கிறது. சங்கத்துக்கோ வேன்காரருக்கோ இதில் வேலை இல்லை. அழுக்குத் துணி, சடைமுடி, தனக்குத்தானே பேசுவது மட்டும் போதாது. மனநோய் இருப்பதாகவும், அதனால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றோ தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றோ நம்பக் காரணம் இருக்க வேண்டும். ஆகவே மனுவில் ‘தொல்லை தருகிறார்’ என்று எழுதாதீர்கள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, காலில் புழு வைத்த புண், ஓடும் வண்டிகளுக்கு நடுவே நடக்கிறார் என்று கண்ணால் பார்த்ததைத் தேதியோடு எழுதுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) இல்லாமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

காவலர்கள் அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக்கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சேர்க்கை தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வீடற்றோருக்கான அரசு இல்லத்தில் விட வேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் நிலையங்களில் யாரும் படிப்பதில்லை. ‘டாக்டர் வேண்டாம் என்றார்’ என்று பழைய இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். ‘இது கார்ப்பரேஷன் வேலை’ என்று காவல் நிலையமும், ‘போலீஸ் கூட்டி வரட்டும்’ என்று மாநகராட்சியும் சொல்லிக்கொண்டிருந்தால் இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்கு அழைத்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் உதவி கேளுங்கள். நீதித்துறை நடுவரிடம் போகவும் வழி இருக்கிறது.

சாப்பாடு போடும் தரப்புக்கு நான் எதிரி இல்லை. ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்து, இலையையும் கப்பையும் நீங்களே அள்ளிவிடுங்கள். இரு தரப்பும் சேர்ந்து போடக்கூடிய மனு ஒன்று உண்டு. அருகிலுள்ள பொதுக்கழிப்பறை இரவில் பூட்டப்படுகிறதா என்று போய்ப் பாருங்கள். பூட்டினால் அதைத் திறந்துவைக்கச் சொல்லி எழுதுங்கள். சங்கத்தில் வரும் புகாரில் பாதி அதோடு அடங்கும்.

யார் எங்கே போனாலும் மூட்டையைத் தூக்கி எறிய விடாதீர்கள். ரேஷன் அட்டை, ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில் வீடு வாங்கித் தருகிறேன் என்று அதே ஆதார் நகலையும் முன்பணத்தையும் வாங்கிப்போக ஒருவர் வருவார். ஒதுக்கீட்டு ஆணையை வாரியம்தான் தரும், அவர் தரமாட்டார் என்று பாலத்தடியில் இருப்பவர்களிடம் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.