கப்பலில் முன்பக்கப் பெரிய சூட்டா, நடுவில் இருக்கும் சாதாரண சூட்டா?

கேள்வி: நானும் மனைவியும் வரும் செப்டம்பரில் ஏதென்ஸிலிருந்து இஸ்தான்புல்லுக்கு 7 இரவுகள் சொகுசுக் கப்பலில் போகலாம் என்றிருக்கிறோம். ஆயிரக்கணக்கான பேர் ஏறும் கப்பல் வேண்டாம் என்று, 300 பேர் போகும் சிறிய கப்பலாகப் பார்த்திருக்கிறோம். மேல்தளத்தில் முன்பக்கம் இருக்கும் பெரிய சூட்டை (சொகுசு அறையை) எடுக்கச் சொல்கிறார் டிராவல் ஏஜென்ட். சாதாரண சூட்டைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. மனைவிக்கு ஊட்டி பஸ்ஸிலேயே குமட்டும். எனக்கு முழங்கால் வலி. ஓய்வூதியப் பணத்தில் போகும் பயணம், தப்பாகிவிடக் கூடாது. எதை எடுக்கலாம்? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: அந்தப் பெரிய சூட்டை விட்டுவிடுங்கள். கப்பலின் நீளத்தில் நடுவாகவும், உயரத்தில் நடுத்தளத்திலோ அதற்கு ஒரு தளம் கீழேயோ உள்ள சாதாரண சூட்டைக் கேளுங்கள். உங்கள் இருவரின் உடம்புக்கும், நீங்கள் போகிற வழிக்கும் அதுதான் சரிப்படும்.

கப்பல் அலையில் முக்கியமாக இரண்டு விதமாக ஆடும். ஒன்று, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஆடுவது. இன்னொன்று, மூக்கு எழும்பி விழுவது. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க, தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் நீட்டப்படும் ஸ்டெபிலைசர்கள் இருக்கின்றன. ஏஜென்ட்கள் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் மூக்கு எழும்பி விழுவதை அவற்றால் அடக்க முடியாது. பஸ்ஸில் கடைசி சீட்டில் இருப்பவரை வேகத்தடை தூக்கிப் போடும், நடுவில் இருப்பவருக்கு அவ்வளவு தெரியாது. இங்கேயும் அதே கதைதான். இரண்டு முனைகளிலும் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. பக்கவாட்டு ஆட்டமோ உயரே போகப் போகக் கூடும். ஆக, மேல்தளம், முன்முனை என்ற சேர்க்கை உங்கள் மனைவிக்கு இருப்பதிலேயே மோசமான இடம்.

365 மீட்டர் நீளமுள்ள ராட்சதக் கப்பலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சிறிய கப்பலில் தெரியும். விண்ட்ஸ்டார் நிறுவனத்தின் ஸ்டார் பிரைட், ஸ்டார் லெஜெண்ட் போன்ற கப்பல்களை நடுவில் வெட்டி 25.6 மீட்டர் புதுப் பகுதியைச் செருகி நீளமாக்கினார்கள். 212 பேருக்கு இருந்த இடம் 312 பேருக்கு ஆனது. அப்படியும் அவற்றின் நீளம் 160 மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான்.

இதைவிட முக்கியமானது நீங்கள் போகும் திசை. கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஏஜியன் கடலில் கோடையில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று வீசும். ஜூலை, ஆகஸ்டில் உச்சம், செப்டம்பரிலும் வீசக்கூடும். வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு மேகம்கூட இருக்காது, கடல் மட்டும் கொந்தளிக்கும். ஏதென்ஸிலிருந்து இஸ்தான்புல் போவது மொத்தத்தில் வடக்கே ஏறுகிற பயணம். அதாவது காற்றும் அலையும் நேர் முன்னாலிருந்து வரும் நாள்கள் அதிகம். மூக்கு எழும்பி விழும் ஆட்டம், ஸ்டெபிலைசருக்கு அடங்காத ஆட்டம், அப்போதுதான் வரும். இதே வழியை இஸ்தான்புல்லில் தொடங்கி ஏதென்ஸில் முடிக்கும் பயணமும் பெரும்பாலும் விற்பனையில் இருக்கும். அதில் காற்று முதுகுப் பக்கமிருந்து வரும் என்பதால் அலுங்கல் குறைவு. தேதி ஒத்துவந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். சூட்டை மாற்றுவதைவிட இந்த ஒரு மாற்றம் உங்கள் மனைவிக்கு அதிக நிம்மதி தரும்.

முன்முனை சூட்டில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு, விற்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். முன்பக்கம் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கும் அறைகளில், இருட்டியதும் திரையை இழுத்து மூடச் சொல்வது பல கப்பல்களில் வழக்கம். அறை வெளிச்சம் முன்னால் விழுந்தால், கப்பலைச் செலுத்துகிறவர்களுக்கு இருட்டில் கடல் சரியாகத் தெரியாது. அடுத்தது நங்கூரம். சாண்டோரினி மாதிரித் தீவுகளில் கப்பல் கரையோடு அணையாது, தள்ளி நின்றுவிடும். பாட்மோஸ் மாதிரி இடங்களில் சிறிய கப்பல்கள் நங்கூரம் போடுவது சாதாரணம். காலை ஆறு, ஆறரைக்கு அந்தச் சங்கிலி கடகடவென்று இறங்கும்போது, முன்பக்கத்தில் கட்டில்கூட அதிரும். அலாரம் வைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

சரி, நடுவில் எந்த அறை? கப்பலின் தளப் படத்தை வாங்கி, உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நல்லது. மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால், விடிவதற்குள் பணியாளர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே பாட்டுக் கச்சேரி நடக்கும் லவுஞ்ச் இருந்தால் நள்ளிரவு வரை டிரம்ஸ். படத்தில் எதுவும் எழுதாமல் வெறுமனே விட்டிருக்கும் கட்டங்களைப் பார்த்தால் உஷாராகுங்கள். பெரும்பாலும் அவை பணியாளர்கள் தட்டுமுட்டுச் சாமான் வைத்துப் புழங்கும் இடங்கள். நாள் முழுக்கக் கதவு அடிக்கும். பக்கத்து அறையோடு இணைப்புக் கதவு உள்ள சூட்டையும் தவிருங்கள், பேச்சுச் சத்தம் வரும்.

இடதா, வலதா? ஏதென்ஸிலிருந்து இஸ்தான்புல் போவதானால், கப்பலுக்குள் முன்முனையைப் பார்த்து நின்றால் வரும் இடப்பக்கம். வடக்கே போகும்போது சூரியன் மறைவது அந்தப் பக்கம். டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழையும்போது முதல் உலகப் போரில் சண்டை நடந்த கலிபோலி தீபகற்பமும், கடைசியில் இஸ்தான்புல் பழைய நகரத்தின் மசூதிக் கோபுரங்களும் அதே பக்கம்தான் வரும். திசையைத் திருப்பினால் வலப்பக்கம் கேளுங்கள்.

பால்கனி என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். விண்ட்ஸ்டாரின் ஸ்டார் வகைக் கப்பல்களில் பால்கனி சூட் என்று விற்கும் பல அறைகளில் கண்ணாடிக் கதவைத் திறந்து கம்பியைப் பிடித்து நிற்கலாம், அவ்வளவுதான். வெளியே நாற்காலி போட இடம் கிடையாது. 112 பேர் மட்டும் போகும் சீட்ரீம் கப்பல்களில் எந்த அறைக்கும் பால்கனியே இல்லை. சீபோர்ன் குவெஸ்ட் 450 பேர் போகும் கப்பல். அதில் சாதாரண பால்கனி சூட்டே 300 சதுர அடி, அதற்கு வெளியே உட்கார்ந்து காபி குடிக்கத் தனி இடம் உண்டு. அதனால் ஏஜென்டிடம் ஒரே கேள்வி: வெளியே இரண்டு நாற்காலி போடலாமா? சதுர அடிக் கணக்கில் பால்கனியும் சேர்த்தியா என்றும் கேளுங்கள், சில நிறுவனங்கள் சேர்த்துத்தான் சொல்கின்றன.

முழங்காலுக்கு வருவோம். குளியலறையை யாரும் விசாரிப்பதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். சொகுசு என்ற பெயரில் பல சூட்களில் குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் ஷவரில் குளிக்க வேண்டும். கப்பல் அசையும்போது ஈரக் காலோடு அந்த விளிம்பைத் தாண்டுவது உங்களுக்கு ஆபத்து. தனி ஷவர் இருக்கிறதா, அதன் வாசலில் படி எவ்வளவு உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் எல்லாத் தளத்துக்கும் போகிறதா என்பதும் தெரிய வேண்டும். லிஃப்டிலிருந்து நாலைந்து அறை தள்ளி எடுங்கள், நேர் எதிரே வேண்டாம். சாண்டோரினியில் சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக முடியும். மாலுமிகள் கையைப் பிடித்து ஏற்றுவார்கள், ஆனால் ஓர் அடி எடுத்து வைக்கத்தான் வேண்டும். கரையிலிருந்து ஊர் மேலே போகக் கேபிள் கார் இருக்கிறது, படி ஏற வேண்டாம்.

பெரிய சூட் வீண் என்று நான் சொல்லவில்லை. நாள்கணக்கில் கரையே காணாமல் அட்லாண்டிக் கடக்கும் பயணம் என்றால் தாராளமாக எடுங்கள். ஏஜியனில் தினம் ஒரு துறைமுகம். பகலெல்லாம் வெளியே இருப்பீர்கள். அதோடு சிறிய சொகுசுக் கப்பல்களில் சாப்பாட்டு அறை, பணிவிடை எல்லாம் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒன்றுதான். சில்வர்ஸீ நிறுவனத்தின் கப்பல்களில் கடைசி வகை சூட்டுக்கும் பட்லர், அதாவது அறைக்கான தனிப் பணியாளர், வருகிறார். இரண்டாவது மடங்கு விலைக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஏஜென்டிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

அறை எண்ணைப் பிறகு தருகிறோம், விலை குறைவு என்று ஒரு சலுகை வந்தால் மறுத்துவிடுங்கள். முன்முனையோ பின்முனையோ தலையில் விழலாம். நடுவில் பால்கனி அறை தீர்ந்துவிட்டதா? முன்பக்கம் பால்கனியோடு எடுப்பதைவிட நடுவில் வெறும் ஜன்னலோடு எடுங்கள். முழுத் தொகை கட்டும் கடைசித் தேதியை ஒட்டிப் பலர் ரத்து செய்வார்கள். அந்த வாரம் ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டால் நல்ல அறை காலியாகியிருக்கக்கூடும்.