வாசகர் கேள்வி பதில்: மலை உச்சியில கேசினோ வந்தது எப்படி?

கே: மலேசியா டூர்ல ஜென்டிங் ஹைலேண்ட்ஸ் கூட்டிட்டுப் போனாங்க. முஸ்லிம்கள் அதிகமா இருக்கிற நாட்டுல அவ்ளோ பெரிய கேசினோ ஹோட்டல் எப்படி? கவர்மென்ட்டே கட்டுனதா?
- வாசகி, திருச்சி

ப: இல்லைங்க, தனியார்தான். லிம் கோ டோங்னு ஒருத்தர், 1918-ல சீனாவுல பிறந்து 1937-ல மலாயாவுக்குப் பொழைக்க வந்தவர். போர் முடிஞ்சதும் பழைய கட்டுமான மெஷின் வாங்கி வித்தாரு, அப்புறம் கான்ட்ராக்டர் ஆனாரு. 60-கள்ல கேமரன் ஹைலேண்ட்ஸ்ல நீர்மின் திட்ட வேலை பார்த்தப்போதான் அந்தக் குளிர்ல அவருக்கு ஒண்ணு தோணுச்சு, கோலாலம்பூர்க்காரங்க குளிர் தேடி ஏன் இவ்ளோ தூரம் வரணும், ஊருக்குப் பக்கத்துலயே ஒரு மலை புடிச்சா கூட்டம் அள்ளுமேன்னு. தேடிப் புடிச்சதுதான் இப்போ ஜென்டிங் ஹைலேண்ட்ஸ் நிக்கிற உலு காலி மலை, சுமார் 6,000 அடி, அப்போ முழுக்கக் காடு.

1965-ல முகமது நோவா ஓமரோட சேர்ந்து கம்பெனி ஆரம்பிச்சாரு. இவர் சாதாரண ஆள் இல்ல, நாடாளுமன்ற சபாநாயகரா இருந்தவர், ரெண்டு மருமகனுங்க பின்னாடி அடுத்தடுத்து பிரதமரே ஆனாங்க. அதே வருஷம் ரோடு வேலை ஆரம்பம். மலையைக் குடைஞ்சு, மண்சரிவோட மல்லுக்கட்டி, உச்சி வரைக்கும் ரோடு போட நாலு வருஷம் ஆச்சு. இருந்த காசையெல்லாம் இதுலயே கொட்டிட்டாரு, தெரிஞ்சவங்க பைத்தியம்னுதான் நினைச்சிருப்பாங்க!

1969 மார்ச்ல பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்ட மேல வந்தாரு. அரசாங்கக் காசு இல்லாம ஒரு தனி ஆளு இவ்ளோ பண்ணிட்டாரேன்னு அசந்துபோனாரு, கேசினோ லைசன்ஸ் பேச்சு அங்கதான் எழுந்துச்சு. 1971-ல முதல் ஹோட்டல் தொறந்தாங்க. என்னைக் கேட்டா, லைசன்ஸ் மட்டும் வரலைன்னா அது இன்னொரு ஹில் ஸ்டேஷனாவே நின்னிருக்கும்.

கே: அப்போ உள்ளூர்க்காரங்களும் ஆடலாமா?
- வாசகர், மதுரை

ப: மலேசிய முஸ்லிம்களுக்கு அனுமதி கிடையாது, மத்தவங்களுக்கு 21 வயசு ஆகியிருக்கணும். அந்த நாட்டுல சட்டப்படி நடக்கிற கேசினோ இன்னைக்கும் இது ஒண்ணுதான், போட்டியே இல்லாத வியாபாரம்.

கே: உலகத்துலயே பெரிய ஹோட்டல் அங்கதான்னு கைடு சொன்னாரு, அடிச்சு விடுறாரா?
- வாசகர், சேலம்

ப: இல்ல, ரூம் கணக்குல நிஜம். கலர் கலரா பெயின்ட் அடிச்சு நிக்குமே, ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஹோட்டல், அதான். 2006-ல 6,118 ரூம்னு கின்னஸ்ல ஏறுச்சு, நடுவுல அமெரிக்காவுல லாஸ் வேகாஸ்ல இருக்கிற வெனிஷியன் ஹோட்டல் பறிச்சுக்கிச்சு, விடுவாங்களா, இன்னொரு டவர் சேர்த்து 2015-ல 7,351 ஆக்கிட்டாங்க. ரூம் பெருசா இருக்கும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

கே: கேசினோ புடிக்காதவங்க அங்க என்னதான் பாக்குறது?
- வாசகி, கோவை

ப: கேபிள் கார்ல மேல போறப்போ நடு ஸ்டேஷன்ல இறங்குனா சின் சுவீ கோயில். அதுவும் லிம் ஆரம்பிச்சதுதான், 1976-ல. பாறையும் செங்குத்துச் சரிவுமா இருந்ததால மெஷின் இறங்கல, அஸ்திவாரக் குழியையே கையால தோண்ட வேண்டியதாச்சு, நாலு வருஷத்துல ரோடு போட்ட மனுஷனுக்குக் கோயில் முடிக்க 18 வருஷம் புடிச்சுது. மேல தீம் பார்க், கடைங்க எல்லாம் இருக்கு. ஸ்வெட்டர் மறக்காதீங்க.