கருணையோடு பன்முகத்தன்மையைக் கற்பிப்பது என்றால், தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவதா?

இல்லை. தவறைச் சுட்டிக்காட்டுவது வேறு, தவறு செய்தவரைக் கூனிக்குறுக வைப்பது வேறு என்பதே இம்முறையின் அடிப்படை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியச் செயற்பாட்டாளரான லொரெட்டா ரொஸ் பல ஆண்டுகளாக இதையே கற்பித்து வருகிறார்: பொறுப்புக்கூறலைக் கைவிடாமல், ஆனால் அன்போடும் மரியாதையோடும், தவறு செய்தவரை உரையாடலுக்குள் அழைப்பது.

கொழும்பு அலுவலகங்களில் பன்முகத்தன்மை என்றவுடன் சிங்களம், தமிழ் என்ற ஒரே கோடுதான் நினைவுக்கு வருகிறது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டு, 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின்னரே தமிழும் அந்நிலையைப் பெற்றதால், அதில் வியப்பில்லை. ஆயினும் நமக்குள்ளேயும் கோடுகள் உண்டு. வெள்ளவத்தையில் தமிழர்கள் மட்டுமே கூடியிருந்த ஒரு மதிய உணவு வேளையில், மலையகத்தின் ஹட்டனிலிருந்து வேலைக்கு வந்திருந்த தம்பி ஒருவரைப் பார்த்து, "தோட்டக்காட்டான்" என்று, தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த மலையகத் தமிழரை இழிவுபடுத்தும் சொல்லை, ஒருவர் சொன்னதை நானே கேட்டேன்; எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சோற்றுப் பார்சலை மூடிவிட்டு எழுந்து போனார்.

இத்தகைய வேளையில், "இந்தச் சொல் வேண்டாம் அண்ணா" என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நம் மௌனம் அந்தத் தம்பியை இன்னொரு முறை காயப்படுத்தும். பிறகு சொன்னவரைத் தனியே அழைத்து, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோர் நாடற்றவர்களான வரலாற்றைப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். அதை விளக்கும் சுமையைக் காயப்பட்டவர் மீதே ஏற்றுவது, என் பார்வையில், கருணை ஆகாது.